எழுபதில் ஏடு அவிழ்த்தல்
(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஜேஷ்ட மாதத்துச் சுக்கில பட்சப் பஞ்சமி, அறிவு நூலேறிய நாள். கிர்நார் மலைச் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர் முதுமையுற்றிருந்தார். தம்முடன் சுருத ஞானம் அழிந்துவிடுமோ என்று அஞ்சித் தென்திசை முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்தார். அதனை ஏற்று வந்த இருவர் புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் கேட்டறிந்ததே பின்னர் ஷட்கண்டாகமம் என்னும் நூலாயிற்று. கற்று முடித்தபின் புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி தமிழ் நாட்டிற்கும் சென்றனர் என்று தவளா என்னும் பேருரை கூறுகிறது. நூல் முற்றுப்பெற்று வழிபடப்பெற்ற நாளே இந்தப் பஞ்சமி.

இந்நாளில் ஜினாலயங்களில் ஏடுகளும் நூல்களும் பீடத்தில் எழுந்தருள்கின்றன. சந்தனமும் மலரும் சாத்தப்படுகின்றன. தீபம் காட்டப்பெற்றபின் அவை மீண்டும் துணியில் கட்டப்பட்டுப் பேழைக்குள் போகின்றன. பல ஊர்களில் அந்தக் கட்டு அடுத்த பஞ்சமியில்தான் மீண்டும் வெளியே வருகிறது. துணி பழையதானால் புதுத்துணி மாற்றப்படுகிறது. உள்ளிருக்கும் எழுத்தைப் படிப்பார் இல்லை. வழிபாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். படிக்கும் ஓய்வு உடைய ஏனை முதியோரோ, ‘இந்த வயதில் இனி என்ன கற்பது?’ என்கின்றனர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதே இவ்வுரை.

அவ்வாக்கியம் தனித்து வருவதில்லை. மூன்று காரணங்களை உடன் அழைத்து வருகிறது. கண் தெரிவதில்லை என்பது ஒன்று. நினைவில் நிற்பதில்லை என்பது மற்றொன்று. கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. நினைவு தளர்வது உண்மையே. ஆயினும் சொல்லப்படும் அளவிற்கு அன்று. மூன்றாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாற்பது ஆண்டு பிறர்க்குச் சொல்லிக்கொடுத்தவர், கணக்குப் பார்த்தவர், குடும்பத்தை நடத்தியவர், தம்மினும் இளையார் ஒருவர் முன் அமர்ந்து ‘அ’ எழுதத் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைப் பிறர் காண்பர். முதுமைக் கல்விக்கு உண்மையான தடை இதுவே. ஜைன மரபு இத்தடையை நன்கு அறிந்திருக்கிறது. அதன் முதல் மாணவர் வரலாறே இதைப் பற்றியதுதான்.

வர்த்தமான மகாவீரருக்குக் கேவல ஞானம் தோன்றிற்று. சமவசரணம் அமைந்தது. தேவரும் மனிதரும் விலங்குகளும் தத்தம் இடத்தில் அமர்ந்து காத்திருந்தனர். ஆயினும் அறுபத்தாறு நாள்கள் திவ்விய தொனி எழவில்லை. உரைப்பவர் இருந்தார், கேட்போரும் இருந்தனர், கேட்டதை உள்வாங்கித் தொகுத்துப் பிறர்க்கு அளிக்கவல்ல கணதரர் மட்டும் இல்லை. இந்திரன் அதை உணர்ந்தான். அத்தகையவரை ஓர் இளைஞர் கூட்டத்தில் அவன் தேடவில்லை. மகத நாட்டில் ஐந்நூறு மாணாக்கர் சூழ வாழ்ந்த இந்திரபூதி கௌதமர் என்னும் வேத விற்பன்னரைத் தேடிச் சென்றான். அப்போது அவர் ஐம்பது வயதை எட்டியிருந்தார் என்பது மரபு.

இந்திரன் சென்ற கோலம் கருதத் தக்கது. ஒரு கிழ அந்தணனாகச் சென்றான். தன் குருநாதர் ஒரு செய்யுளைக் கற்பித்தார் என்றும், இப்போது அவர் மௌனத்தில் இருப்பதால் பொருள் கேட்க வழியில்லை என்றும், அதனை விளக்க வேண்டும் என்றும் வேண்டினான். மூன்று காலம், ஆறு திரவியம், ஒன்பது பதார்த்தம், ஆறு லேசியை, ஐந்து அத்திகாயம் என்று எண்ணிக்கையாகச் சென்றது அச்செய்யுள். சொற்களில் கௌதமர் அறியாதது எதுவும் இல்லை. பொருளோ விளங்கவில்லை.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆறு திரவியங்களுள் தருமம், அதருமம் என இரண்டு உள்ளன. தமிழ்ச் சமண நூல்கள் இவற்றைத் தன்மாத்தி, அதன்மாத்தி என வழங்கும். பிற சமய நூல் கற்ற ஒருவர் தருமம் என்ற சொல்லைக் கேட்டால் அறம் என்றே பொருள் கொள்வார். ஜைன தத்துவத்திலோ அது உயிரும் புற்கலமும் இயங்குவதற்குத் துணையாய் நிற்கும் திரவியம்; மீனுக்கு நீர் போல்வது. அதருமம் நிலைபெறுவதற்குத் துணை. வழிப்போக்கனுக்கு மரநிழல் போல்வது. ஒன்றும் அறியாச் சிறுவனிடம் இதைச் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்வான். வேறு பொருளில் அச்சொல்லை ஐம்பது ஆண்டு ஆண்டவர்க்கே அது முள்ளாகும். முதியோர் கல்வியின் இடர் பெரும்பாலும் இத்தகையது. புதியது உள்ளே வர இடமில்லை என்பதன்று. அந்த இடத்தில் பழையது ஒன்று அமர்ந்திருக்கிறது.

கௌதமர் தம் அறியாமையை அக்கிழவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ‘உன் குருவிடமே பேசிக்கொள்கிறேன்’ என்று வாதிடப் புறப்பட்டார். தோற்ற இடத்தில் சினம் எழுவது இயல்பு. அந்தச் சினத்தை இவ்வரலாறு மறைக்கவில்லை. விபுலாசலத்தை அடைந்து மானத்தம்பத்தைக் கண்ட அளவில் அவர் செருக்கு இற்று வீழ்ந்தது. சிராவண மாதத்துக் கிருஷ்ண பட்சப் பிரதமையன்று திவ்விய தொனி எழுந்தது. அந்நாளே வீர சாசன ஜயந்தியாகக் கொண்டாடப்படுகிறது.

அடுத்து நிகழ்ந்ததைப் பலர் விரைந்து கடந்து விடுவர். கேட்ட அனைத்தையும் அங்கங்களும் பூர்வங்களுமாக ஒரு முகூர்த்தத்திற்குள் தொகுத்தார் கௌதமர். ஐந்நூறு பேருக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் சொன்னவர். எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது, எங்கே மாணவன் இடறுவான் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்தவை. கற்பதற்குத் தடையாய் இருந்த அதே பழம்புலமை, தலை வணங்கியபின் கற்றதைத் தாங்கும் கலமாயிற்று. மாணவராக இருப்பதற்கு ஒரு சிறுவன் போதும். கணதரராவதற்கு ஐம்பது ஆண்டு வாழ்க்கை வேண்டியிருந்தது.

தமிழ் நாட்டிலும் இவ்வரலாறு வேறு உருவில் நிகழ்ந்திருக்கிறது. சீவக சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரைப் பற்றிச் சமணரிடையே வழங்கிய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. முதலில் தம் புலமை கொண்டே அவர் உரை எழுதி முடித்தாராம். சமணப் பெரியோர் அதனைப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தனராம். அவர் சிற்றாமூர் மடத்தை அடைந்து, ஜைன நூல்களை அடிநிலையிலிருந்து கற்று, உரையை மீண்டும் எழுதினாராம். சிந்தாமணி உரை ஏட்டுக்கு ஏடு வேறுபட்டிருந்ததற்கு இதனையே காரணமாகச் சொல்வர். தொல்காப்பியத்திற்கு உரை வரைந்த ஒருவர், ‘இது சரியன்று’ என்று பிறர் திருப்பித் தந்ததை வாங்கிக்கொண்டு கற்கச் சென்றார் என்பதே இச்செய்தியின் உயிர். நிகழ்ந்ததோ இல்லையோ, அது நிகழத் தக்கது என்று பல தலைமுறையினர் நம்பியிருக்கின்றனர்.

அதே சிந்தாமணி மற்றொருவரையும் மாணவராக்கியது. 1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். வயது இருபத்தைந்து, இதனை முதுமை என்று எவரும் சொல்லார். ஆயினும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற கல்வி முற்றுப்பெற்றுக் கற்பிக்கும் நாற்காலியில் அமர்ந்துவிட்டவர். நாற்காலியில் அமர்ந்த கணமே முதுமை தொடங்கிவிடுவதும் உண்டு. அவ்வாண்டு சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன படித்தீர் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியலைக் கேட்ட முதலியாரின் முகம் மலரவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்பதே விடையாயிற்று.

பிரதி கிடைத்தது. படிக்கவும் தொடங்கினார். தமிழ் தெரியும், இலக்கணம் தெரியும், செய்யுளைப் பிரித்துப் பொருள் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு நூலின் உட்பொருள் பிடிபடவில்லை. இந்திரபூதியின் இடர்ப்பாடுதான், சொல் தெரிகிறது, பொருள் வேறிடத்தில் இருக்கிறது. அப்போது கும்பகோணத்திலேயே ஜைனர் வாழ்வதை அறிந்து வீடூர் அப்பாசாமி நயினார் இல்லத்திற்குச் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமும் கண்டு, விசேடம் யாதென வினவினார். பல மாதங்களாக நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவுற்றது என்ற மறுமொழி அவரைத் திகைக்க வைத்தது. கல்லூரி ஆசிரியர் பெயரளவில் கூடப் படித்திராத காப்பியத்தை அவ்வில்லத்தார் வழிபாடாகவே ஓதி வந்தனர்.

அதன்பின் சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன அன்பர்களிடம் சென்று ஐயங்களைக் கேட்டறிவது அவரது வழக்கமாயிற்று. பாடம் சொன்னவர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கேட்டவரோ கல்லூரியில் பாடம் சொல்பவர். அந்த ஏற்றத்தாழ்வு எந்தப் பக்கத்தும் பொருட்படுத்தப்படவில்லை. அவர் தம் நெறியில் கொண்ட ஈடுபாட்டைக் கண்டு அவரைப் ‘பவ்விய ஜீவன்’ என்று சமணர் கருதியதையும் அவர் தம் வரலாற்றில் மகிழ்ச்சியுடன் குறித்திருக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இன்று தமிழர் இல்லங்களில் அக்காப்பியம் நூலாக இருப்பதற்குக் கும்பகோணத்து நயினார் இல்லத் திண்ணைக்கும் பங்குண்டு.

ஐயரின் கல்வி அத்துடன் நிற்கவும் இல்லை. 1940இல், எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், வார இதழில் வாரந்தோறும் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். ஏட்டையும் உரையையும் ஆய்ந்த கைக்கு அது புதுத் தொழில். 1942இல் மறையும் வரை அதனை விடவில்லை. தமிழ்ச் சமணருள் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரையும் இங்கே நினைக்கலாம். 1880இல் பிறந்த அவர் குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆண்டு 1950.

‘அவர்கள் எல்லாம் பெரும்புலவர்கள், எளியோர்க்கு இது பொருந்துமா?’ என்ற கேள்வி எழலாம். அதற்கும் மரபில் ஒருவர் இருக்கிறார். குந்தகுந்தாசாரியர் பாவபாகுடத்தில் பெயர் சுட்டும் சிவபூதி முனிவரே அவர். நினைவாற்றல் மிகக் குறைந்தவர். விருப்பும் வெறுப்பும் கொள்ளாதே என்ற பொருளில் குருநாதர் கற்பித்த இரண்டு சிறு தொடர்கூட அவர் நாவில் நிற்கவில்லை. மறந்து மறந்து, கடைசியில் ‘துஷ மாஷ’ என்னும் ஒலி மட்டுமே மிஞ்சிற்று. ஒருநாள் ஒரு பெண் உளுந்தை நீரில் இட்டுத் தோல் களைவதைக் கண்டார். துஷம் என்பது தோல். மாஷம் என்பது உளுந்து. தோல் வேறு, பருப்பு வேறு. உடல் வேறு, உயிர் வேறு. அங்கேயே அவருக்குத் தெளிவு பிறந்தது. பிழையாக நினைவில் நின்ற சொல்லே வழியாயிற்று. நினைவு தளர்ந்ததென்று வருந்துவோர் வீட்டில் உளுந்து ஊறும் இரவுகளில் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கட்டப்பட்ட ஏடுகளுக்கு வருவோர் காண்பது என்ன? தமிழ்ச் சமணரின் பழஞ்சுவடிகள் பலவற்றில் தமிழும் வடமொழியும் கலந்து வரும். ஸ்ரீபுராணம் அத்தகைய மணிப்பிரவாள நடையினது. தமிழ்ச் சொல் தமிழ் எழுத்திலும் வடசொல் கிரந்த எழுத்திலும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும். கிரந்தம் அயல் எழுத்தன்று. தமிழ் நாட்டில் வளர்ந்த எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ என்பவற்றைத் தமிழ் படித்த எவரும் அறிவர். அவை கிரந்தத்திலிருந்து வந்தவையே. ண, த, ய, வ முதலியன தமிழ் வடிவை மிக ஒத்திருக்கும். முப்பதுக்கு மேற்பட்ட மெய்களுள் ஒரு பகுதி முன்னமே தெரிந்தவை. வன்மையும் மென்மையும் காட்டும் வர்க்க எழுத்துகளைக் கற்பதற்குச் சில வாரப் பயிற்சி வேண்டும். உண்மையான உழைப்பு கூட்டெழுத்தில்தான். ஒரு மெய்யின் கீழ் மற்றொரு மெய் தொங்கும். இரண்டும் இணைந்து மூன்றாவது ஓர் உருவம் பெறும். அங்கே பலர் மனம் தளர்வர். அகராதி போல் ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு வரி என்று படிப்போர் தளர்வதில்லை.

ஓலையில் வேறு சில இடர்களும் உண்டு. புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும். மங்கிய எழுத்தில் மை தடவித்தான் படிக்க வேண்டும். இவற்றுள் எது சரி என்பதை எழுத்து சொல்லாது; இடம் நோக்கிப் பொருள் அறிந்தவரே சொல்ல இயலும். தோத்திரங்களைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த எழுபது வயதுத் தாய்க்கு இங்கே ஓர் உரிமை இருக்கிறது. அடுத்து வரும் சொல் எதுவென்று அவர் செவி முன்கூட்டியே அறியும். பட்டம் பெற்ற இளைஞர் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வரியை முடித்திருப்பார். கண் கற்க வேண்டியதில் பாதியைக் காது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது.

தவறு நேரும் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. தரசேனாசாரியரே தம் மாணாக்கர் இருவருக்கும் பிழையுள்ள மந்திரங்களைத் தந்து சோதித்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைவு. ஓதியபோது தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவதையின் உருவம் இவ்வாறு இராதே என்று எண்ணிய இருவரும் மந்திரத்தை ஆராய்ந்து தாமே திருத்தி மீண்டும் ஓதினர். அதன் பின்னரே பாடம் தொடங்கிற்று. பிழையே செய்யாதவரை அவர் தேடவில்லை; பிழையைக் கண்டு திருத்துபவரைத் தேடினார்.

தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை அகத் தவங்களுள் ஒன்றாக வைத்து ஐந்து வகை கூறுகிறது. நூலை வாசித்தல், ஐயம் வினவுதல், உள்ளத்தில் பலகால் சிந்தித்தல், பிழையற ஓதிப் பழகுதல், பிறர்க்கு அறம் உரைத்தல் என்பன அவை. இவற்றுள் வாசித்தலையும் ஓதுதலையும் பலர் செய்கின்றனர். ஐயம் வினவுதலை வயது ஏற ஏறக் கைவிடுகின்றனர். கேட்டால் தெரியாதென்பது வெளிப்பட்டுவிடும் அல்லவா? தவம் என்று இதனை ஏன் வகுத்தனர் என்பது அவ்விடத்தில் விளங்குகிறது. உண்ணா நோன்பில் வயிறு வருந்தும். வினவும் நோன்பில் மானம் வருந்தும்.

இளையோர்க்கும் ஒரு சொல் உண்டு. ஞானாவரணீய வினை கட்டுவதற்கு அச்சூத்திரம் ஆறு காரணங்கள் கூறுகிறது. அறிவை மறைத்தல், பொறாமையால் கற்பியாது விடுதல், கற்பவர்க்கு இடையூறு செய்தல் என்பன அவற்றுள் சில. ஏட்டை எரிப்பதும் பள்ளியை இடிப்பதும் மட்டுமே இடையூறு என்று கருத வேண்டா. வீட்டில் பாட்டி செல்பேசியில் பேத்தி வெளியூரிலிருந்து அனுப்பிய படத்தைத் திறக்க முயல்கிறார். விரல் நடுங்குகிறது, வேறேதோ திறந்துவிடுகிறது. அருகிருக்கும் பேரன், ‘இப்படிக் கொடுங்கள் பாட்டி’ என்று வாங்கி இரண்டு நொடியில் திறந்து கையில் தருகிறான். அன்பினால்தான் செய்கிறான். ஆயினும் நாளைக்கும் பாட்டிக்கு அது தெரியாது. நாளை மறுநாள் கேட்கவும் கூசுவார். கருவியைக் கையில் வாங்காமல், ‘அந்தப் பச்சைக் குறியைத் தொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடப் பொறுமைதான் இளையவர் தரத்தக்க ஞான தானம். பதிலுக்குப் பாட்டி அவனுக்கு நவகார மந்திரத்தைத் திருத்தமாக ஒலிக்கக் கற்பிக்கலாம். அவ்வீட்டில் இரண்டு ஆசிரியரும் இரண்டு மாணவரும் இருப்பர். மொத்தத் தலைகள் இரண்டே.

கற்கத் தொடங்குவோர் பெரிய ஏற்பாடுகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் கிரந்தம் அறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதொன்றே அவசரம். தரசேனர் ஓலை விடுத்ததும் அந்த அவசரத்தால்தான். மூவரோ நால்வரோ ஆலய மண்டபத்தில் வாரம் ஒருமுறை கூடி, அச்சிட்ட தோத்திர நூலையும் கிரந்தப் படியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் படிக்கலாம். மனப்பாடமாகத் தெரிந்த பாடலை எடுத்துக்கொள்வது நல்லது. பொருள் முன்னமே தெரிவதால் எழுத்து தானே பிடிபடும். சுவடியைத் தொடுவது அதற்குப் பிந்திய நிலை. பழகாத கை பழைய ஓலையை மடக்கினால் ஒடிந்துவிடும். ஆகவே படம் எடுத்து, அப்படத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். முதிய கண்ணுக்கும் முதிய ஓலைக்கும் அதுவே உகந்தது. படம் எடுத்துத் தரப் பேரன் இருக்கிறான்.

இவ்விழா நிறைவில் ஏடுகள் மீண்டும் துணியில் கட்டப்படும். கட்டுவதற்கு முன் ஒரு முதியவர் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம். வரிகள் புரியாத கோலங்களாகத் தோன்றும். அவர் ஐம்பது ஆண்டுகளாக வீட்டுக் கணக்கேட்டின் தலைப்பிலும், பிள்ளைகளின் திருமண ஓலையிலும், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரிலும் ‘ஸ்ரீ’ என்று எழுதி வந்திருப்பார். அதுவும் கிரந்த எழுத்தே.